காப்புக்காட்டு ஓரம் 38 ஏக்கர் மனைப்பிரிவு: ஆட்சேபணையை எங்கே, எதை வைத்து, எந்தத் தேதிக்குள் போடுவது?

கொல்லைமேட்டான்

வேலூர் மாவட்டம், அணைக்கட்டு பக்கம். ஊர் பேரும் சர்வே எண்ணும் இங்கே வேணாம்னு விட்டுட்டேன். காப்புக்காட்டு எல்லையை ஒட்டி 38 ஏக்கர் புன்செய், ஏழு சர்வே எண். குறுக்கே ஒரு கானாறு ஓடி கீழ ஏரிக்கு விழுது. ரெண்டு வாரமா ஜேசிபி ஓடுது. உசிலையும் வெப்பாலையும் சாய்ச்சாச்சு, செம்மண் ரோடு போட்டு கலர் கலரா கொடி நட்டாச்சு. போர்டுல "டிடிசிபி & ரெரா அப்ரூவல் அப்ளைடு, மலையடிவாரத்தில் இயற்கை எழில் வீட்டுமனை"ன்னு இருக்கு. (டிடிசிபின்னா நகர் ஊரமைப்பு இயக்ககம், ரெரான்னா ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்.) எழில வெட்டிட்டு எழில விக்கிறாங்க.

கேட்க வேண்டியது மூணு. காட்டுல இருந்து இத்தனை மீட்டருக்குள்ள மனை போடக்கூடாதுன்னு சட்டம் இருக்கா? ஊர்ல ஒரு மனு தயாராயிருக்கு, அதுல "1 கிலோமீட்டர் தடை"ன்னு எழுதியிருக்காங்க, அது நிக்குமா? பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் எப்போ வரும்?

வக்காலத்து

அந்த 1 கிலோமீட்டர் வரியை முதல்ல அடிச்சிடுங்க. ரெண்டு தனித்தனி விஷயம் அதுல கலந்திருக்கு. ஒண்ணு, 2021 நவம்பரில் தமிழக அரசு குவாரிக்கும் கிரஷருக்கும் போட்ட 1 கி.மீ. தடை. அப்போ காப்புக்காடும் அதுல இருந்தது, 2022 டிசம்பர் திருத்தத்துல காப்புக்காட்டை எடுத்துட்டாங்க. எப்படியும் அது குவாரிக்கான விதி, மனைக்கு இல்ல. இன்னொண்ணு, 2022 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் (நாட்டுக் காடுகள் பத்தின நீண்டகால வழக்கு) சொன்ன 1 கி.மீ. சூழல் உணர்திறன் மண்டலம். அது தேசியப் பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும். அதையும் 2023 ஏப்ரல் 26-ல் தளர்த்திட்டாங்க. சாதாரண காப்புக்காட்டுக்கு இந்த ரெண்டுமே பொருந்தாது. எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவுலயே இதைத்தான் எடுப்பார், மனுவுல இருக்கிற மத்த நல்ல பாயின்ட்டும் அதோட சேர்ந்து அடிபடும்.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கும் காத்திருக்காதீங்க. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் கட்டுமானம், டவுன்ஷிப் எல்லாம் 8-ஆவது இனம். அந்த இனத்துக்கு மக்கள் கலந்தாய்வே விலக்கு. அதுக்கும் முன்னாடி, உங்க 38 ஏக்கர் அந்த அறிவிக்கைக்குள்ள வருதாங்கறதே சந்தேகம். 38 ஏக்கர்னா சுமார் 15.4 ஹெக்டேர். 8(பி)-க்கு 50 ஹெக்டேர் நிலமோ 1,50,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்போ வேணும். 8(ஏ)-க்கு 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பு. வெறும் மனையா வித்து, வாங்கினவங்க தனித்தனியா கட்டினா கணக்குல வராது. புரமோட்டரே வில்லா கட்டித் தர்றதா விளம்பரம் இருந்தா கதை மாறும்: 100 சதுர மீட்டர் வீடு 200 கட்டினாலே 20,000 தொட்டுடும். நோட்டீஸ், யூடியூப் விளம்பரம் எதுலயாவது "வில்லா"ன்னு இருக்கான்னு பாருங்க, இருந்தா எடுத்து வையுங்க. பக்கத்து நிலத்துல அதே ஆள் "பேஸ் 2" அறிவிச்சிருந்தா அதையும்.

இப்போ கையில இருக்கிற உறுதியான ஆயுதம் அந்த போர்டுதான். 2016 ரெரா சட்டம் பிரிவு 3-ன்படி பதிவு எண் வாங்காம விளம்பரம் பண்றதே குத்தம். 500 சதுர மீட்டருக்கு மேல இருக்கிற எந்த மனைப்பிரிவும் பதியணும். "அப்ளைடு"ன்னு எழுதறதுக்கு சட்டத்துல இடமே கிடையாது. பிரிவு 59-ல் திட்ட மதிப்பீட்டில் 10 சதவீதம் வரை அபராதம். போர்டு முழுசும் தெரியற மாதிரி ஒரு படம், பின்னாடி மலையோ கோயிலோ தெரியற மாதிரி தூரத்துல இருந்து ஒரு படம், தேதி, இருப்பிடத்தோட. நாளைக்கே எடுங்க. புகார் போனதும் போர்டு காணாமப் போயிடும்.

சங்கிலி_இணைப்பு

சட்டத்துக்கு முன்னாடி நிலம். கீழ சொல்ற நாலையும் எடுக்காம யாரும் மனு எழுதக் கூடாது.

அ-பதிவேடு: ஏழு சர்வே எண்ணுக்கும், அதைச் சுத்தியுள்ள எல்லா எண்ணுக்கும். அரசோட இ-சர்வீசஸ் தளத்துல வரும். பட்டாவை மட்டும் பார்த்தா போதாது, பட்டா யார் பேர்ல இருக்குன்னுதான் அது சொல்லும். அ-பதிவேடுதான் நிலத்தோட வகையைச் சொல்லும். புன்செய், தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, ஓடை, வண்டிப்பாதை, மேய்க்கால், காடு. குறிப்புக் கலத்தையும் விடாதீங்க. நிபந்தனை ஒப்படை (அரசு நிபந்தனையோட கொடுத்த நிலம்), பூமிதானம், டி.சி. நிலம் (பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கின பஞ்சமி நிலம்) இதெல்லாம் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். மலையடிவாரப் புன்செய்ல ஒப்படை நிலம் சகஜம்.

எஃப்எம்பி (புல அளவைப் படம்): ஒவ்வொரு எண்ணுக்கும். ரெண்டு இணைகோடு புலத்துக்குள்ள நுழைஞ்சு வெளிய போனா அது ஓடையோ பாதையோ. எந்தப் பக்கத்து எண் எழுதியிருக்குன்னு பார்த்து அந்த எண்ணோட அ-பதிவேட்டை எடுங்க.

கிராம வரைபடம்: காப்புக்காட்டு எல்லை அதுலதான் முழுசாத் தெரியும். மூணு ஊர் எல்லை சேர்ற இடத்துல கல் இருக்கும், அதுதான் நங்கூரம்.

வில்லங்கச் சான்று: பதிவுத்துறைத் தளத்துல பார்க்கக் காசில்லை. 1975-ல இருந்து போடுங்க. தேடவேண்டியது ஒரு தேதி: 20.10.2016. அதுக்கு முன்னாடியே ஒரு மனையாவது வீட்டுமனையாப் பதிவாகியிருந்தா, "இது பழைய மனைப்பிரிவு, வரன்முறை பண்ணிக்கிறோம்"னு வர வழி இருக்கு. அப்படி எதுவும் இல்லைன்னா அந்தக் கதவு மூடியாச்சு.

ஒரு எச்சரிக்கை. கூகுள் எர்த் மேல எஃப்எம்பியை ஒட்டி "இத்தனை மீட்டர் காட்டுக்குள்ள வந்துட்டாங்க"ன்னு வாட்ஸ்அப்ல போடாதீங்க. மலையடிவாரத்துல அப்படி ஒட்டினா 10 மீட்டர் பிசகறது சாதாரணம். அளவு தப்பினா மொத்த மனுவும் கேலியாயிடும்.

மனைத்தரகு

எதிர்ப்பக்கமும் யாராவது சொல்லணுமே. பட்டா புன்செய், காட்டை ஒட்டி இருக்குங்கறதாலயே மனை போடக் கூடாதுன்னு சட்டம் இல்லை. வித்த விவசாயி அஞ்சு வருஷமா பன்றிக்கும் மானுக்கும் நிலக்கடலையைக் கொடுத்துட்டு வித்திருப்பார். வேலூர்ல டவுனுக்குள்ள மனை என்ன விலைன்னு எல்லாருக்கும் தெரியும். மாசச் சம்பளக்காரன் எங்கதான் போவான்? வனத்துறை தடையின்மை, நீர்வளத்துறை தடையின்மை, வேளாண் துறை அறிக்கை, எல்லாம் வாங்கித்தான் டிடிசிபி கொடுப்பாங்க. வாங்கிட்டா அப்புறம் நீங்க என்ன பண்ணுவீங்க?

உசிலமரம்

வாங்கிட்டா வாங்கினதைப் படிச்சுப் பார்ப்போம், அதுக்குத்தான் ஆர்டிஐ. ஆனா அனுமதி வர்றதுக்கு முன்னாடியே ஜேசிபி ஏன் ஓடுதுங்கறதுக்கு இங்க பதில் இல்லையே.

நிலக்கடலைப் பாயின்ட் நியாயமானது. அந்த விவசாயியைத் திட்டி ஒரு வரிகூட மனுவுல வரக் கூடாது. நாளைக்குக் கிராம சபையில கை தூக்க வேண்டியவரே அவரோட அண்ணன் தம்பிதான்.

காடு என்ன ஆகும்கிற கேள்விக்கு, "பல்லுயிர் அழியும்"னு எழுதினா எந்த அதிகாரியும் அடுத்த பக்கம் திருப்பிடுவார். கணக்கா எழுதுங்க. 38 ஏக்கர்ல 50 மி.மீ. மழை ஒரே மூச்சா பெய்தா விழற தண்ணி சுமார் 7,690 கன மீட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில 640 லாரி. புதர்க்காட்டுல அதுல பெரும்பகுதி மண்ணுக்குள்ள போகும், இல்லன்னா மெதுவா இறங்கும். தார் ரோடும் கூரையும் வந்தா அரை மணியில கானாத்துல விழும், மண்ணையும் இழுத்துட்டு ஏரி வரத்துக்கால்வாயை மூடும். அப்புறம் வீடுகள். திறந்தவெளி 10 சதவீதம், ரோடு ஒரு 30 சதவீதம் போக மிச்சத்தை 1,200 சதுர அடியாப் பிரிச்சா 800-க்கு மேல மனை. 800 செப்டிக் டேங்க், அதுல பாதியாவது போர்வெல். நம்ம பக்கம் கீழ கரும்பாறை, தண்ணி நிக்கிறது மேல இருக்கிற சிதைவுப் பாறை அடுக்குல மட்டும். செப்டிக் கசியறதும் போர் உறிஞ்சறதும் அதே அடுக்குலதான்.

காட்டுக்கு நேரடியா வர்ற தொல்லை மூணு: குப்பையும் அதோட வர்ற தெருநாயும், ராத்திரி வெளிச்சம், தீ. பிப்ரவரில இருந்து மே வரைக்கும் மலையில புல் காய்ஞ்சு நிக்கும்போது 800 வீட்டுக் குப்பையை எல்லை ஓரமா எரிச்சா போதும்.

கொல்லைமேட்டான்

அ-பதிவேடு எடுத்தாச்சு. ஏழு எண்ணுல ஆறு ரயத்துவாரி (தனியார் பட்டா) புன்செய். ஒண்ணு 1.21.0 ஹெக்டேர், இப்ப தனியார் பட்டாதான், ஆனா குறிப்புக் கலத்துல ஏதோ கோப்பு எண்ணும் வருஷமும் இருக்கு. கானாறு தனி எண், ஓடை புறம்போக்கு, 0.62.5 ஹெக்டேர். ரோட்டுல இருந்து உள்ள வர்ற வழி வண்டிப்பாதை புறம்போக்கு, அது பாதி தூரம் காட்டு எல்லையை உரசிட்டு வருது.

சங்கிலி_இணைப்பு

நல்ல சரக்கு. ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

0.62.5 ஹெக்டேர்னா 1 ஏக்கர் 54 சென்ட். அது புரமோட்டரோட 38 ஏக்கர் கணக்குல சேர்ந்திருக்கா? நோட்டீஸ்ல இருக்கிற மனைப்பட வரைபடத்துல கானாறு எத்தனை அடி அகலம் காட்டியிருக்காங்கன்னு பாருங்க. எஃப்எம்பியில 18 மீட்டர் இருக்கிற கானாறு மனைப்படத்துல 20 அடி "மழைநீர் வடிகால்"னு சுருங்கியிருக்கும். இந்த மாதிரி கேஸ்ல அடிக்கடி பார்க்கிற தில்லுமுல்லு அது. மேல சிலாப் போட்டு ரோடாக்கிடுவாங்க. புறம்போக்கு ஓடையைக் குறுக்கிறதுக்கோ அதுமேல கல்வெர்ட்டு போடறதுக்கோ நீர்வளத்துறை அனுமதி இல்லாம முடியாது.

குறிப்புக் கலத்துல கோப்பு எண் இருக்கிற அந்த நிலம் பெரும்பாலும் பின்னாடி வகை மாறினது. 80-கள்ல நடந்த யூடிஆர் நில உடைமைத் திருத்தத்துல தரிசு பல இடத்துல பட்டாவாச்சு, சிலது சரியா, சிலது எழுத்துப் பிழையா. அதனால யூடிஆருக்கு முந்தைய அ-பதிவேடு, பழைய எண்–புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியல், அந்தக் கோப்போட உத்தரவு நகல், இந்த மூணையும் வட்டாட்சியர் அலுவலகத்துல ஆர்டிஐல கேளுங்க. கேட்கும்போது பழைய வட்டப் பேரையும் எழுதணும். அணைக்கட்டு தனி வட்டம் ஆனது சமீபத்துல, பழைய ஆவணம் வேலூர் வட்டம்னு இருக்கும். மாவட்டப் பேரும் அப்படித்தான், 1989-க்கு முன்னாடின்னா வட ஆற்காடு.

அந்த வண்டிப்பாதை. இதுதான் மனைப்பிரிவோட பலவீனமான இடம். அணுகுசாலை விதி கேட்கிற அகலத்துல இல்லாம அனுமதி கிடைக்காது. எஃப்எம்பியில வண்டிப்பாதை அகலத்தை அளந்து பாருங்க. பத்தலைன்னா அகலப்படுத்த ஒரு பக்கம் பட்டா நிலம் வாங்கணும், இல்லைன்னா காட்டுப் பக்கம் நகரணும். காட்டுப் பக்கம் ஒரு அடி நகர்ந்தாலும் 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்துல ஒன்றிய அரசோட முன் அனுமதி வேணும், மாவட்ட வன அலுவலர் கையெழுத்து மட்டும் பத்தாது.

வக்காலத்து

காட்டு எல்லைக்கு எஃப்எம்பி மட்டும் ஆதாரம் இல்லை. 1882 தமிழ்நாடு வனச்சட்டம் பிரிவு 16-ல் வந்த அரசிதழ் அறிவிக்கைதான் காப்புக்காட்டோட பிறப்புச் சான்று. அதுல எல்லையை வார்த்தையில விவரிச்சிருப்பாங்க: இன்ன கல்லுல இருந்து இன்ன ஓடை ஓரமா, இத்தனாவது கெய்ரன் (எல்லைக் கற்குவியல்) வரைக்கும்னு. உங்க காடு பழசா இருந்தா புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழ்ல இருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துல தேடலாம். ஒரு விஷயம்: 1911 வரைக்கும் வட ஆற்காட்டுக்குத் தலைநகர் சித்தூர், அப்போதைய கடிதங்கள்ல அந்த ஊர்ப் பேர் வந்தா குழம்ப வேணாம். பிரிவு 4 அறிவிக்கையோட நின்னுபோய் 16 வராத காடுகளும் உண்டு. எது எந்த நிலையில இருக்குன்னு மாவட்ட வன அலுவலர் அலுவலகத்துல எழுத்துல வாங்குங்க.

பட்டா நிலத்துலயே இயற்கையா அடர்ந்த மரம் இருந்ததுன்னா 12.12.1996 கோதவர்மன் தீர்ப்பு: காடுன்னா அகராதிப் பொருள், உடைமை யாரோடதுன்னு பார்க்கத் தேவையில்லை. 2023 திருத்தச் சட்டம் இதைச் சுருக்கப் பார்த்தது, 19.02.2024 இடைக்கால உத்தரவுல உச்ச நீதிமன்றம் பழைய பொருளையே இப்போதைக்குத் தொடரச் சொல்லியிருக்கு. ஆனா வெட்டி முடிச்ச பிறகு "அடர்ந்த காடா இருந்தது"ன்னு நிரூபிக்கிறது உங்க பாடு. கூகுள் எர்த்ல பழைய வருஷப் படங்கள், ஒவ்வொரு வருஷமும் ஒரே மாசம், ஒரே உயரத்துல இருந்து எடுத்து வரிசையா வையுங்க. மார்ச் படத்தையும் நவம்பர் படத்தையும் ஒப்பிட்டா எதுவும் நிரூபணமாகாது. வறண்ட காடு மார்ச்ல மொட்டையாத்தான் தெரியும்.

இன்னொரு பட்டியல்: 1990-ல் அமைச்ச மலையிடப் பாதுகாப்பு ஆணையத்தோட கிராமப் பட்டியல். உங்க வருவாய்க் கிராமம் அதுல இருந்தா வனம், வேளாண் பொறியியல், கனிமவளம் எல்லார் அறிக்கையும் வாங்கி ஆணையத்துக்குப் போகாம மனைப்பிரிவு நகராது. பட்டியல் வருவாய்க் கிராமப் பேர்ல இருக்கும், குக்கிராமப் பேர்ல தேடினா கிடைக்காது.

ரசீது_முக்கியம்

ஆர்டிஐ எழுதறதுல நடக்கிற தப்பு: "ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?"னு கேட்கிறது. காரணம் கேட்டா "தகவல் வரையறைக்குள் வராது"ன்னு ஒரு வரியில முடிச்சுடுவாங்க. நகல் மட்டும் கேளுங்க. இப்படி:

"… வட்டம், … கிராமம், சர்வே எண்கள் … -ல் மனைப்பிரிவு அனுமதி கோரிப் பெறப்பட்ட விண்ணப்பம், உடன் இணைக்கப்பட்ட மனைப்பட வரைபடம் ஆகியவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல். மேற்படி விண்ணப்பம் தொடர்பாக வனத்துறை, நீர்வளத்துறை, வேளாண்மைத் துறை ஆகியவற்றுக்கு அனுப்பிய கடிதங்கள், பெறப்பட்ட பதில்களின் நகல். மேற்படி கோப்பின் குறிப்புக் கோப்பு, நடப்புக் கோப்பு ஆகியவற்றின் அனைத்துப் பக்கங்களின் நகல். களஆய்வு செய்த நாள், ஆய்வு அறிக்கை நகல்."

"குறிப்புக் கோப்பு"ங்கற வார்த்தையை விட்டுடாதீங்க. கீழ்நிலை அலுவலர் "ஓடை குறுக்கிடுகிறது"ன்னு எழுதி, மேல ஒருத்தர் அதைத் தாண்டிப் போயிருந்தா அது அங்கதான் தெரியும்.

தனித்தனி மனு: மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகம், மாவட்ட வன அலுவலர், வட்டாட்சியர், நீர்வளத்துறை கோட்டம், ஊராட்சி. 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு, ஒப்புகை கிடைக்கிற தபால்ல. 30 நாள்ல பதில் வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுக்கப்புறம் 90 நாளுக்குள்ள மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்துல நாளாகும், அதை நம்பி மத்த வேலையை நிறுத்தாதீங்க. பக்கம் நிறைய இருந்தா பிரிவு 2(ஜே)-ல் கோப்பை நேர்ல பார்க்கக் கேளுங்க, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

ஆர்டிஐ பதில் வர்ற வரைக்கும் சும்மா இருக்கக் கூடாது. ஆட்சேபணை மனு முதல்ல, இந்த வாரமே. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள்ல கொடுத்து மனு எண் வாங்குங்க, அதே மனு நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் வன அலுவலருக்கும் தபால்ல. "அனுமதி நிலுவையில் உள்ள நிலையில் பணி நடைபெறுகிறது, 1971 நகர் ஊரமைப்புச் சட்டம் பிரிவு 56, 57-ன் கீழ் நிறுத்துக"ன்னு ஒரு வரி கட்டாயம். கிராவல் மண் லாரியில வெளிய போனா அது கனிமவளத்துறைக்குத் தனி மனு, வண்டி எண்ணோட. ரெண்டையும் ஒரே மனுவுல கலந்தா, ஒரு துறை இன்னொரு துறைக்கு அனுப்பிட்டு கோப்பை முடிச்சிடும்.

மனைத்தரகு

ஒரு கேள்வி. அந்த இடம் வேலூர் உள்ளூர்த் திட்டக் குழும எல்லைக்குள்ளயா வெளியவா? அதை யாரும் கேட்கலையே.

ரசீது_முக்கியம்

சரியான கேள்வி. குழும எல்லைக்குள்ளன்னா முழுமைத் திட்டத்துல அந்த எண் என்ன உபயோகம்னு பார்க்கணும். விவசாயம்னு இருந்தா உபயோக மாற்றத்துக்குப் பத்திரிகை விளம்பரம் வந்து ஆட்சேபணை கேட்பாங்க. அது சின்ன எழுத்துல ஒருநாள் வந்துட்டுப் போயிடும், உள்ளூர்ப் பதிப்பைத் தினமும் ஒருத்தர் பார்க்கணும். வெளியன்னா அதே நகர் ஊரமைப்புச் சட்டம் பிரிவு 47-அ, 2017 விதிகள்: விவசாய நிலத்தை மாத்த வேளாண் இணை இயக்குநர் அறிக்கை, வருவாய்த் துறை அறிக்கை. அப்ப உங்க ஆட்சேபணை போகவேண்டிய இடம் அந்த அறிக்கை எழுதறவங்க மேசைக்கு, அவங்க எழுதறதுக்கு முன்னாடி.

உசிலமரம்

உயிரினப் பதிவு பத்தி. காப்புக்காட்டுக்குள்ள அனுமதியில்லாமப் போகாதீங்க, வனச்சட்டம் பிரிவு 21-ல உங்க மேலயே வழக்கு வரும், புரமோட்டருக்கு அதைவிட சந்தோஷம் கிடையாது. வண்டிப்பாதை, ஏரிக்கரை, பொதுவழி போதும்.

காலைல 6-ல இருந்து 8 மணிக்குள்ள, 200 மீட்டருக்கு ஒரு இடம், ஒவ்வொரு இடத்துலயும் 10 நிமிஷம் நின்னு பார்த்தது கேட்டது எல்லாம். அதே இடங்கள்ல வாரம் ஒருதரம், குறைஞ்சது ஆறு வாரம். ஒருநாள் போய் 60 பறவை எழுதினதைவிட, ஆறு வாரம் ஒரே இடத்துல எழுதின 25 பறவை மதிப்பு. காலடித்தடம், எச்சம் படம் எடுக்கும்போது பக்கத்துல ஒரு பத்து ரூபா நாணயம் வையுங்க, அளவு தெரியணும். இ-பேர்டுல (பறவைப் பதிவுத் தளம்) ஏத்தினா எல்லாரும் பார்க்கிற பதிவா நிக்கும்.

மயிலை மையமா வைக்காதீங்க. வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணைதான், ஆனா குப்பைமேட்டுலயும் நிக்குது. பாறைச்சரிவும் முட்புதரும் சேர்ந்த இடம்னா மஞ்சள்தொண்டைச் சின்னானைத் தேடுங்க. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளை விட்டு வேற எங்கயும் இல்லாத பறவை, உலக அளவுல அழியவாய்ப்புள்ள இனம். கொம்பன் ஆந்தையும் அதே மாதிரிப் பாறையிலதான். நட்சத்திர ஆமையோ தேவாங்கோ கண்ணுல பட்டா இடத்தை எங்கயும் வெளியிடாதீங்க, குரூப்ல கூட. மூடிய உறையில வன அலுவலருக்கு மட்டும். இல்லைன்னா மனைக்காரனுக்கு முன்னாடி பிடிக்கிறவன் வந்துடுவான்.

ஏரி இருக்குன்னு 2017 ஈரநில விதிகளை எழுதிடாதீங்க. பாசனத்துக்குன்னு வெட்டின ஏரி அந்த விதியோட வரையறைக்குள்ளயே வராது.

எல்லை_மோர்தானா

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்துல இதே பிரச்சினை உள்ளவங்களுக்கு ஒரு வரி: அங்க ஆந்திரா கௌண்டின்யா சரணாலயத்து யானை வருது. வனத்துறை பயிர்ச்சேத இழப்பீடு கொடுத்த சர்வே எண் பட்டியலை ஆர்டிஐல வாங்கி, மனைப்பிரிவு எண்ணுக்குப் பக்கத்துல வையுங்க. யானை வந்ததுக்கு அரசே கையெழுத்துப் போட்ட சாட்சி அது.

கொல்லைமேட்டான்

பசுமைத் தீர்ப்பாயமா ஹைகோர்ட்டா?

வக்காலத்து

எந்தச் சட்டம் மீறப்பட்டதுங்கறதைப் பொறுத்தது. 2010 தீர்ப்பாயச் சட்டத்தோட முதல் அட்டவணையில ஏழு சட்டம்தான்: நீர், நீர் வரி, வனப் பாதுகாப்பு 1980, காற்று, சுற்றுச்சூழல் பாதுகாப்பு 1986, பொதுப் பொறுப்புக் காப்பீடு, பல்லுயிர் 2002. 1972 வனவிலங்குச் சட்டமும் 1882 வனச்சட்டமும் அதுல இல்லை, நகர் ஊரமைப்புச் சட்டமும் இல்லை. அதனால "வன நிலத்துல ரோடு போட்டாங்க, ஒன்றிய அனுமதி இல்லை"ன்னா சென்னையில தென்மண்டல அமர்வு. "டிடிசிபி விதியை மீறி அனுமதி கொடுத்தாங்க, புறம்போக்கு ஓடையை மறிச்சாங்க"ன்னா ஹைகோர்ட்டுல அரசியலமைப்பு 226-ல் ரிட். நமக்கு ஹைகோர்ட்டும் சென்னைதான், மதுரை இல்லை.

தீர்ப்பாயத்துக்குக் காலக்கெடு முக்கியம். பிரிவு 14-ல் காரணம் முதல்ல எழுந்த நாள்ல இருந்து 6 மாசம், தக்க காரணம் காட்டினா இன்னும் 60 நாள். அதுக்கு மேல ஒருநாள் கூடத் தர அதிகாரம் இல்லை. முதல்ல எழுந்த நாள்னா ஜேசிபி இறங்கின நாள்னே எடுத்துப்பாங்க. அந்தத் தேதியை இன்னைக்கே எழுதி வையுங்க. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்.

முன்னெச்சரிக்கைக் கோட்பாடுன்னு (சேதம் முழுசா நிரூபணமாகறதுக்கு முன்னாடியே தடுக்கணும்கிறது) எல்லா மனுவிலும் ஒரு பத்தி வரும். அந்தக் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தோட பகுதின்னு உச்ச நீதிமன்றம் சொன்னது 28.08.1996-ல், நம்ம பாலாத்துத் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்குல, வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்டது. ஊர்ப் பெருமைக்கு எழுதலாம். ஆனா அந்த வழக்குல கெட்டுப்போன கிணறும் நிலமும் கணக்கெடுத்து வைச்சிருந்தாங்க. கணக்கு இல்லாமக் கோட்பாட்டை மட்டும் எழுதி ஜெயிச்சவங்க குறைவு.

மனைத்தரகு

கடைசியா ஒண்ணு. முழுசா நிறுத்த முடியலைன்னா நிபந்தனை கேளுங்க. 10,000 சதுர மீட்டருக்கு மேலன்னா ரோடு போக மிச்சத்துல 10 சதவீதம் திறந்தவெளி நிலமாவே தானம் கொடுத்தாகணும், பணமாக் கட்ட முடியாது. அந்தத் திறந்தவெளியை நடுவுல பூங்காவாப் போடாம, காட்டு எல்லை முழுக்க நீளப் பட்டையாப் போடச் சொல்லுங்க. புரமோட்டருக்கும் அது நஷ்டமில்லை, எல்லையோர மனை விக்கறது கஷ்டம்தான்.

உசிலமரம்

இதை ஒத்துக்கிறேன், ஆனா இரண்டாவது மனுவுல. முதல் மனுவுலயே நிபந்தனையை எழுதினா "மனுதாரர் திட்டத்தை ஏற்கிறார்"னு கோப்புல ஏறிடும்.

சங்கிலி_இணைப்பு

கிராம சபைத் தீர்மானம் டிடிசிபியைக் கட்டுப்படுத்தாது, ஆனா கோப்புல ஏறும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இதுல எது பக்கத்துல வருதோ அதுல. கோரம் சேர்ந்ததா, தீர்மானப் புத்தகத்துல எண் போட்டு எழுதினாங்களான்னு பார்த்து அன்னைக்கே பக்கத்தைப் படம் எடுங்க. தீர்மானத்துல "மனைப்பிரிவு வேண்டாம்"னு மட்டும் எழுதாம, "சர்வே எண் இன்னது ஓடை புறம்போக்கு 0.62.5 ஹெக்டேர், முழு அகலத்துக்கு அளந்து கல் நட வேண்டும், அதுவரை அனுமதி வழங்கக் கூடாது"ன்னு எழுதுங்க.

கூட்டுப் புலத்தணிக்கை கேட்டு மனு தனியாப் போடுங்க: வருவாய், நில அளவை, வனம், நீர்வளம் நாலு துறையும். நாள் குறிச்சா முந்தின நாளே மூணு ஊர் எல்லைக் கல்லைப் புதர் வெட்டித் தேடி வையுங்க. அது கிடைக்கலைன்னா அளவையர் பக்கத்து வரப்பைப் பிடிச்சு ஆரம்பிப்பார், அங்கதான் அஞ்சு பத்து மீட்டர் நழுவும். எஃப்எம்பி நகல், கிராம வரைபடம், 30 மீட்டர் டேப்பு, சுண்ணாம்பு கையில இருக்கணும். எந்தக் கல்லுல இருந்து அளக்க ஆரம்பிச்சாங்கங்கறதை அறிக்கையில எழுதச் சொல்லுங்க, எழுதின பிறகு கையெழுத்துப் போடுங்க. வெத்துத்தாள்ல "ஆஜர்"னு வாங்கினா போடாதீங்க. கல் நட்டதும் ஒவ்வொண்ணையும் பக்கத்துக் கல் தெரியற மாதிரி படம் எடுங்க, கல்லுக்குக் கல் தூரத்தையும் எழுதி வையுங்க. கல் ராத்திரில நடக்கும்.